ஏழு மாரியாயியும் படிக்காத அத்தியாயமும்

பெட்டி வந்த நாள்

பதுளைக் காரியாலயத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்று எனக்குக் கிடைத்த முதல் உத்தரவு, அதைத் தொடக் கூடாது என்பது. இரண்டாவது உத்தரவு, நாளையிலிருந்து நீதான் அதற்குப் பொறுப்பு என்பது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னவர் எங்கள் மேலதிகாரி அன்வர் சேர்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பதுளையைச் சுற்றியிருந்த சில தேயிலைத் தோட்டங்களின் கணக்குகள் எங்கள் காரியாலயத்துக்குத்தான் வரும். நான், கமலா, அங்கே டைப்பிஸ்ட். ஒரே சுற்றுநிருபத்தை ஐந்து கார்பன் வைத்து அடிப்பதும், கடைசிப் பிரதி மங்கலாக இருக்கிறது என்று ஏச்சு வாங்குவதும்தான் என் உத்தியோகம். கடைசிப் பிரதியைத் தெளிவாக அடித்தால் முதல் பிரதியில் எழுத்துக்கு எழுத்து ஓட்டை விழும். அதற்கும் ஏச்சுதான்.

அப்படிப்பட்ட என்னைப் பிடித்து மூன்று மாதத்துக்குத் தற்காலிக 'புரோகிராமர்' ஆக்கினார்கள். காரணம், காரியாலயத்திலேயே வேகமாக டைப் அடிப்பவள் நான். விரல் ஓடினால் போதும், மெஷின் மற்றதைப் பார்த்துக்கொள்ளும் என்று கொழும்பில் யாரோ நினைத்திருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து டைரக்டர் நேரில் வந்து பார்ப்பார். வேலை ஒழுங்காக நடந்தால் மெஷின் பதுளையில் இருக்கும், என் பதவியும் நிரந்தரமாகும். இல்லாவிட்டால் மெஷின் ரயிலேறிக் கொழும்புக்குப் போகும், நான் கார்பனுக்குத் திரும்பிப் போவேன்.

மெஷினோடு கோபோல் என்ற கம்ப்யூட்டர் மொழிக்கான புத்தகம் ஒன்றும் வந்தது. செங்கல்லை விடத் தடிப்பு. புரட்டிப் பார்த்தேன். அந்த மொழிக்குச் சொந்தமான சொற்கள் மட்டுமே பக்கம் பக்கமாகப் பட்டியல் போட்டிருந்தன. நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்ததே அத்தனை சொற்களை நம்பி அல்ல.

அன்வர் சேர் அசரவில்லை. பஸாரில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம் அவருடையது. கடையில் உட்காரப் பிடிக்காமல் உத்தியோகத்துக்கு வந்தவர். ஆனால் கடை அவரை விட்டுப் போகவில்லை. எதையும் அளந்து, வெட்டி, மடித்து, நூல் போட்டுக் கட்டித்தான் அவருக்குப் பழக்கம். புத்தகத்தையும் அப்படியே செய்தார். முதல் அத்தியாயத்தை மட்டும் விட்டுவிட்டு, மீதி அத்தனை பக்கங்களையும் துணிக்கடைச் சணல் நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, இறுக்கி முடிச்சுப் போட்டார்.

"ஒரு கிழமைக்கு ஒரு அத்தியாயம், கமலா மகள். நானும் படிப்பேன், நீங்களும் படிங்க. முன்னுக்கு ஓடக் கூடாது. திங்கக்கிழம காலையில நான் அவுத்துத் தருவேன்."

"சேர், அவசரத்துக்கு ஏதாவது தேவைப்பட்டா?"

"படிக்காதது எப்படி மகள் தேவப்படும்?"

நான் முதல் அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

வாரம் ஒரு வினைச்சொல்

அன்வர் சேருக்கு ஒரு கொள்கை இருந்தது. படித்ததைப் படித்த வாரத்திலேயே பாவிக்க வேண்டும், இல்லாவிட்டால் மறந்துபோகும். நல்ல கொள்கைதான். ஆனால் அவர் அதைக் காரியாலயம் முழுவதற்கும் சட்டமாக்கிவிட்டார்.

'டிஸ்பிளே' படித்த வாரம் திரையில் அவருடைய பெயரைக் காட்டச் சொன்னார். காட்டினேன். உடனே கடைக்கு ஆள் அனுப்பி அண்ணன், தம்பி, மச்சான் எல்லோரையும் வரவழைத்தார். பச்சை எழுத்தில் ANWAR என்று மின்னியதைப் பார்த்து அண்ணன், "இதுக்கா கொழும்பிலேருந்து பெட்டி வந்த? எங்கட கட போர்ட்ல இத விடப் பெருசா இரிக்கே" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்வர் சேர் அன்று பகல் சாப்பிடவில்லை.

'மூவ்' படித்த வாரம் ஓர் இடத்திலிருந்த எண்ணை இன்னோர் இடத்துக்கு நகர்த்தினோம். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த வாரம் காரியாலயத்தில் மேசைகள் எல்லாம் இடம் மாறின.

'பெர்ஃபோர்ம்' வாரத்தில்தான் கொஞ்சம் சேதம். அந்தச் சொல் ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும். எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டும். நிறுத்துகிற விஷயம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அன்வர் சேர் கடைசிப் பக்கம் வரை காத்திருக்கவில்லை. GOOD MORNING SIR என்று ஒரு வரி அச்சடிக்கச் சொல்லிப் பொத்தானை அவரே அழுத்தினார். பிரிண்டர் அவருக்குக் காலை வணக்கம் சொல்லத் தொடங்கியது. சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு பெட்டித் தாளும் தீர்ந்த பிறகுதான் ஓய்ந்தது. தாள் முடிந்ததே தவிர மெஷினுக்கு மரியாதை முடியவில்லை. அந்தத் தாள் முழுவதையும் பஸ் நிலையத்துக் கடலைக்காரருக்குக் கொடுத்தோம். பிறகு வெகு நாள் பதுளையில் கடலை வாங்கியவர்களுக்கெல்லாம் சுருளோடு ஒரு காலை வணக்கமும் கிடைத்தது.

சிரிக்கிறேனே தவிர, அந்த வாரங்கள்தான் என் உத்தியோக வாழ்க்கையிலேயே நான் மிகவும் சந்தோஷமாக இருந்த வாரங்கள். நான் சொன்னதை அப்படியே கேட்ட முதல் ஆள் அந்த மெஷின்தான். வீட்டில் அப்படி யாரும் இல்லை. முற்றுப்புள்ளியை மறந்தால் கத்தும்தான். போட்டுவிட்டால் மனதில் எதுவும் வைத்துக்கொள்ளாமல் வேலை செய்யும். அதை ரயிலேற்றி அனுப்பிவிடக் கூடாது என்பதற்காகவே மாலையில் கடைசியாக வீட்டுக்குப் போகிறவள் நானானேன்.

சோர்ட்

நாங்கள் உருப்படியாகச் செய்த வேலை ஒன்று உண்டு. தெமோதரைக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்தைப் பரீட்சைக்கு எடுத்திருந்தோம். அங்கே கொழுந்து பறிக்கும் பெண்களின் பெயர்ப் பட்டியலை வாரம் ஒருமுறை அச்சடித்து அனுப்புவோம். கங்காணி அந்த வரிசைப்படி அவர்களை மலையில் நிறுத்துவார். ஆளுக்கொரு நிரை, அதாவது இரண்டு தேயிலை வரிசைக்கு நடுவே போகும் பாதை. மடுவக் கொட்டகையில் கொழுந்து நிறுக்கும்போதும் அதே வரிசைதான். கணக்கப்பிள்ளை பெயருக்கு நேரே கிலோவை எழுதி அனுப்புவார், நாங்கள் மெஷினில் ஏற்றுவோம். தோட்டத்துத் துரை புதியவர். மெஷின் சொன்ன வரிசையை யாரும் மாற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

முதலில் கங்காணி கொடுத்த வரிசையையே அச்சடித்தோம். எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு 'சோர்ட்' அத்தியாயம் வந்தது.

"சோர்ட் எண்டா அகர வரிச மகள்," என்றார் அன்வர் சேர். அவர் முகத்தில் பெருநாள் களை. "இந்தக் கிழமை எல்லாத்தையும் சோர்ட் பண்ணணும்."

வரவுப் பதிவில் எங்கள் பெயர்களை அகர வரிசையில் போட்டோம். அன்வர் முதலில் வந்தது. தொலைபேசி எண்களைப் போட்டோம். அங்கேயும் அன்வர் முதலில். தேநீர் கொடுக்கும் வரிசையும் அப்படியே ஆனது. இவ்வளவு நாளும் இந்த மொழி எங்கே போயிருந்தது என்பதுபோல் அவர் பூரித்துப்போனார். கடைசியாகத் தோட்டத்துப் பட்டியலைக் கையில் எடுத்தார்.

"சேர், கங்காணி ஏதோ நெனச்சித்தான் அந்த வரிசைய குடுத்திருப்பாரு," என்றேன்.

"கங்காணி அத்தியாயம் படிச்சாரா?"

படிக்கவில்லைதான். பட்டியல் அகர வரிசையில் போனது.

கங்காணியின் முறைப்பாடு

இரண்டு வாரம் கழித்து வேலாயுதம் கங்காணி கோட்டும் குடையுமாகக் காரியாலயத்துக்குள் புயல்போல நுழைந்தார். நல்ல கட்டை குட்டையான உடம்பு, வெண்கலக் குரல். அவருக்குக் கம்ப்யூட்டர் மேல் இருந்த கோபத்தில் அதற்குப் பக்கத்திலிருந்த என் டைப்ரைட்டரை முறைத்தார்.

"என்னாங்க ஐயா செஞ்சி வச்சிருக்கீங்க? ஏழு மாரியாயியையும் ஒன்னா கொண்டாந்து நிப்பாட்டிட்டீங்களே!"

விஷயம் இதுதான். அந்தத் தோட்டத்தில் மாரியாயி என்ற பெயரில் மட்டும் ஏழு பேர் இருந்தார்கள். பழைய வரிசையில் அவர்கள் மலை முழுவதும் சிதறி இருந்தார்கள். ஒருத்தி பாறையோரம், ஒருத்தி ரோட்டுப் பக்கம், ஒருத்தி தண்ணீர் விழும் பீலிக்கரை என்று ஏழு பேரும் ஏழு மூலை. கங்காணி ஒரு மேட்டில் குடையை ஊன்றி நின்றுகொண்டு, எந்தப் பக்கம் பார்த்து "மாரியாயி!" என்று கத்துகிறாரோ, அந்தப் பக்கத்து மாரியாயிக்கு ஏச்சு. திட்டமிட்டுச் செய்தாரா என்று கேட்டேன். அவருடைய தகப்பனார் காலத்திலிருந்தே அப்படித்தானாம். ஏனென்று அவரும் யோசித்ததில்லை.

இப்போது ஏழு பேரும் அடுத்தடுத்த ஏழு நிரையில் நின்றார்கள்.

"மாரியாயின்னு ஒரு சத்தம் போட்டா ஏழு தல திரும்புதுங்க. 'யார கங்காணி கூப்புடுறீங்க?'ன்னு ஏழு வாயும் கேக்குது. 'ஒன்னத்தான்'னு சொன்னா, 'ஏ மாரியாயி, ஒன்னயத்தானாம்டி'ன்னு அவ பக்கத்துல இருக்கவள காட்டுறா. அவ அடுத்தவள காட்டுறா. கடைசி மாரியாயி மொத மாரியாயிய காட்டுறா. நா யார ஏசுறது? அவளுக சிரிச்சிக்கிட்டு நிக்கிறாளுக. என் மானம் போகுதுங்க!"

"ஆளாளுக்கு நம்பர் இரிக்கே," என்றார் அன்வர் சேர். "நம்பரச் சொல்லிக் கூப்பிடுங்களேன்."

"கூப்ட்டேன் ஐயா. 'நம்பர் போட்டு கூப்புட நா என்னா பஸ்ஸா?'ன்னு கேக்குறாளுக."

அன்வர் சேர் புத்தகத்தைத் திறந்து, அகர வரிசை என்பது உலகமெங்கும் ஒன்றுதான், பதுளைக்கென்று தனியாக ஒன்று இல்லை என்று விளக்கினார். கங்காணி கும்பிட்டுவிட்டுப் போனார். அது மரியாதைக்கான கும்பிடாக எனக்குத் தெரியவில்லை.

பத்தொன்பது, பத்தொன்பது, பத்தொன்பது

டைரக்டர் வரும் வாரம் நெருங்கியது. அவருக்குக் காட்டுவதற்காகக் கொழுந்து அறிக்கையை அச்சடித்துப் பார்த்தேன்.

ஏழு மாரியாயிக்கும் பத்தொன்பது கிலோ. முந்தின நாளைப் பார்த்தேன், ஏழு பேருக்கும் பதினேழு. அதற்கும் முந்தின நாள் ஏழு பேருக்கும் இருபத்தொன்று. மற்றப் பெண்களுக்கெல்லாம் ஏறியும் இறங்கியும் அழகாக இருந்தது.

புரோகிராம் எழுதிய யாருக்கும் இது பார்த்தவுடன் புரியும். ஒரே ஆளின் கணக்கை எடுத்து ஏழு தடவை அச்சடிக்கிறது, சுழல்கிற இடத்தில் பிழை. நானும் அப்படித்தான் நினைத்தேன். வரிக்கு வரி பார்த்தேன். அன்றைக்கு எனக்குக் கோபோலில் ஒரு கைப்பிடிச் சொற்கள்தான் தெரியும், அந்தக் கைப்பிடிக்குள் எங்கேயும் பிழை இல்லை.

அப்போது ஒரு பயம் பிடித்துக்கொண்டது பாருங்கள், அதைத்தான் இன்றைக்குக் கணினி படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல வந்தேன். பெரிய மொழி ஒன்றைச் சிறுகச் சிறுகப் படிக்கிறவர்களுக்கெல்லாம் அந்தப் பயம் வரும். எனக்குத் தெரிந்த பக்கங்களில் பிழை இல்லை, அப்படியானால் தெரியாத பக்கங்களில்தான் இருக்கிறது. நூலுக்குள்ளே கட்டிப்போட்டிருந்த அந்த அத்தனை பக்கங்களும் என்னைப் பார்த்துச் சிரித்தன. அங்கே எங்கேயோ ஒரு மூலையில், 'இப்படிச் செய்யாவிட்டால் ஏழு பேருக்கும் ஒரே கணக்கு வரும்' என்று ஒரு வரி இருக்கும், அதைப் படிக்காததால் என் வேலை போகப்போகிறது என்று நிச்சயமாக நம்பினேன்.

"சேர், நூல அவுத்துத் தாங்க," என்றேன்.

அன்வர் சேர் அறிக்கையைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. "ரெண்டு லெச்சுமி இரிக்கே, அவங்களுக்கு ஒழுங்காத்தானே வந்திரிக்கு?"

ஆமாம். இரண்டு லெட்சுமிகளும் அடுத்தடுத்துத்தான் இருந்தார்கள். அவர்களுக்கு வேறு வேறு எண்ணிக்கை. லெட்சுமிக்கு வராத நோய் மாரியாயிக்கு மட்டும் ஏன் வந்தது?

"இங்கிலீஷ் எம் எழுத்துல ஏதோ இரிக்கு மகள்," என்று மெதுவாகச் சொன்னார். "எம் பத்தி ஒரு அத்தியாயம் இரிக்கும்."

நூல் அவிழ்ந்தது. அவர் பாதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார், நான் மறு பாதி. எம் பற்றி அத்தியாயம் இல்லை. மூன்றாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஏழு மாரியாயிக்கும் என் கையாலேயே ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு வரை கிலோ போட்டு மெஷினை ஓட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று தப்பில்லாமல் அச்சாகி வந்தது.

"சேர், புரோகிராம் சரி!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

அன்வர் சேர் தாளை உற்றுப் பார்த்துத் தலையை ஆட்டினார். "இது சும்மா சோதன எண்டு அதுக்குத் தெரியும், மகள்."

தோட்டத்துக்குப் போய்ப் பார்த்து வருகிறேன் என்றேன். அவர் யோசித்து முடிப்பதற்குள் அடுத்த நாள் காலை ரயிலில் டைரக்டர் வந்து இறங்கிவிட்டார்.

மடுவத்தில் நடந்தது

டைரக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், மெல்லிய மனிதர், எதையும் கண்ணாடிக்கு மேலால் பார்ப்பவர். அறிக்கையை வாங்கி விரலை மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே வந்தார். விரல் எங்கே நிற்கப்போகிறது என்று எனக்குத் தெரியும். அங்கேயே நின்றது.

"இதென்ன பிள்ளை? ஏழு பேருக்கும் ஒரே நிறையோ? உங்கட புரோகிராம் எல்லோ பிழைச்சுப் போச்சு."

அன்வர் சேர் சுவரைப் பார்த்தார். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியாது. கார்பன் தாளின் வாசம் மூக்கில் அடித்ததோ என்னவோ.

"புரோகிராம் சரி சேர். நம்பாட்டி வாங்க, போய் நிறுத்துப் பாப்போம்."

சொல்லிவிட்டேனே தவிர, மலையில் என்ன நடக்கிறது என்று எனக்கு எள்ளளவும் தெரியாது. நிறுத்தால் ஏழு விதமாக வரும் என்றுதான் அறிவு சொன்னது. மனம் மட்டும் மெஷின் பக்கம் நின்றது. ஜீப்பில் தெமோதரைக்குப் போகும் வழியெல்லாம் எனக்குத் தெரிந்த தெய்வங்களை வரிசையாகக் கூப்பிட்டேன். அகர வரிசையில் கூப்பிடவில்லை.

போய் இறங்கினால் இன்னோர் இடி. பெரியவர்கள் வருவது தெரிந்து, ஒழுங்கு காட்ட வேண்டும் என்று, அன்றைக்கு மட்டும் துரைக்குத் தெரியாமல் கங்காணி ஏழு மாரியாயிகளையும் பழையபடி மலையின் ஏழு மூலைக்கும் பிரித்து அனுப்பியிருந்தார். மேட்டில் நின்று, "மாரியாயி, ஒழுங்கா கிள்ளு!" என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். இத்தனை வாரத்து ஏச்சும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தது.

பகல் கொழுந்து நிறுக்கும் நேரம் வந்தது. மடுவத்தின் கூரைக்குக் கீழே தராசு தொங்கியது. டைரக்டர் கைக்குட்டையை விரித்து ஒரு கொழுந்துப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். அன்வர் சேர் அவிழ்ந்த புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார், அதை ஏன் கொண்டு வந்தார் என்று அவருக்கே தெரியாது. பெண்கள் கூடையும் சாக்குமாக வரிசையாக வந்தார்கள்.

ஏழு திசையிலிருந்தும் ஏழு பேர் இறங்கி வந்தார்கள். வரிசையில் சேரவில்லை. மடுவத்து ஓரமாகப் போய், இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்குகளை அவிழ்த்துத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்கள். ஏழு பேரும் தங்கள் கொழுந்தை அதில் கொட்டினார்கள். பச்சைக் கொழுந்து ஒரே குவியலாக எழுந்தது. பிறகு சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு அள்ளாக, ஒன்றும் நடக்காதது போலத் தங்கள் தங்கள் சாக்கில் போடத் தொடங்கினார்கள்.

"மாரியாயி! என்னா செய்றே?" என்று கங்காணி அலறினார்.

ஏழு தலைகள் நிமிர்ந்தன. "யார கேக்குறீங்க கங்காணி?"

டைரக்டரின் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவர் எழுந்து போய், ஏழு பேரிலும் உயரமாக இருந்த பீலிக்கரை மாரியாயியிடம் கேட்டார்.

"ஏனம்மா இப்பிடிச் செய்யிறியள்?"

அவள் அள்ளுவதை நிறுத்தவில்லை. "வேற என்னா செய்யிறது சாமி? மெஷின்ல ஏழு மாரியாயி ஒன்னுக்கு கீழ ஒன்னா நிக்குதாம். 'மாரியாயி இருவத்தி மூனு கிலோ'ன்னு தராசுல சொல்றாங்க. கணக்கப்புள்ள எந்த மாரியாயிக்கு நேரா எழுதுறாரோ, அவருக்கே தெரியாது. மொத ரெண்டு நாளும் என் கொழுந்து இந்தச் சின்னவ பேர்ல போச்சு. இவ கொழுந்து அவ பேர்ல போச்சு. முடியப் புடிச்சிக்கிட்டோம். அப்பறம் யோசிச்சோம். எல்லாரும் ஒரே அளவு குடுத்துட்டா, எவ பேர்ல எழுதினா என்னா? தெனம் நெரையிலயே பங்கு போட்டுட்டுத்தான் எறங்குவோம், இன்னைக்கு எங்கள பிரிச்சி விட்டுட்டாங்க."

"பேர் ஒன்னா இருந்தா மெஷினுக்கு ஆளும் ஒன்னுதானுங்களே," என்றாள் சின்ன மாரியாயி. "அப்ப கொழுந்தும் ஒன்னா இருக்கணும்ல."

நாள் கணக்காக நான் தேடிய பிழை அந்தக் குவியலில் கிடந்தது. லெட்சுமிகளின் மர்மமும் அப்போதே விளங்கியது. அந்த இரண்டு பேருக்கும் நெடுநாளாகப் பேச்சுவார்த்தை கிடையாதாம். வரிசையில் எதிரெதிர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். பிறகு எப்படிப் பங்கு போடுவார்கள்?

டைரக்டர் தானே தராசுக்குப் போனார். "ஒவ்வொருத்தரா வாங்கோ. பாப்பம்."

முதல் சாக்கு எட்டுக் கிலோ. இரண்டாவது எட்டு. மூன்றாவது எட்டு. நான்காவதைத் தூக்கியபோது அவருடைய உதடு துடித்தது. ஐந்தாவது எட்டு. ஆறாவது ஏழரையில் நின்றது. பீலிக்கரை மாரியாயி எட்டிப் பார்த்து, "பொறுங்க சாமி" என்று குவியலின் அடியில் கிடந்ததை ஒரு கை அள்ளிப் போட்டாள். எட்டு. ஏழாவதும் எட்டு.

டைரக்டர் முதலில் இருமினார். இருமல் என்றுதான் நினைத்தேன். அப்புறம் தராசுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஏழு மாரியாயிகளும் சிரித்தார்கள். இரண்டு லெட்சுமிகளும் சிரித்தார்கள், ஆனால் தனித்தனியாக. கங்காணி மட்டும் குடையை விரித்து அதற்குப் பின்னால் போய்விட்டார்.

"புரோகிராம் சரி," என்றார் டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மெஷின் கண்டதைத்தான் சொல்லியிருக்கு. இஞ்சையே இருக்கட்டும். இந்தப் பிள்ளையும் இருக்கட்டும்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. திரும்பி நின்று கொழுந்தைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன்.

மீண்டும் திங்கட்கிழமை

கங்காணி கேட்டபடி பழைய வரிசையைத் திருப்பிக் கொடுக்க நான் தயாராக இருந்தேன். துரையும் சரி என்றார். மாரியாயிகள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷம் ஒரே பெயரில் இருந்தும் ஒருத்தியோடு ஒருத்தி நின்று பேசியதில்லை, இனிமேல் பிரிய மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே கங்காணி யாரையாவது ஏச வேண்டுமென்றால் மேட்டிலிருந்து இறங்கி, நிரைக்குள் நுழைந்து, முகத்தைப் பார்த்து ஏச வேண்டியதாயிற்று. ஏறி இறங்கி அவருடைய கோட்டு இரண்டு அளவு பெரிதாகிவிட்டது. முகத்தைப் பார்த்தபின் பாதி ஏச்சு வரவில்லை என்று அவரே பிறகு எங்களிடம் ஒப்புக்கொண்டார்.

நான் அந்த மெஷினோடும், அதற்குப் பின் வந்த மெஷின்களோடும் ஓய்வு பெறும் வரை இருந்தேன். கோபோலை முழுவதும் படித்து முடிக்கவில்லை. யாரும் முடித்ததாகவும் கேள்விப்படவில்லை. எனக்குப் பின் வந்த பிள்ளைகள் முகம் வெளிறிப்போய், "மேடம், நான் இன்னும் படிக்காத ஏதோ ஒன்றால் பிழை வருகிறது" என்று வந்து நிற்கும்போதெல்லாம் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: "மலைக்குப் போய்ப் பார்த்தாயா?" தெரியாத பக்கங்கள் எப்போதும் இருக்கும். எல்லாப் பழியையும் அவற்றின் தலையில் போட்டுவிடக் கூடாது.

டைரக்டர் போன பின் வந்த திங்கட்கிழமை காலை, அன்வர் சேர் புத்தகத்துக்குப் புதிதாக நூல் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒழுங்கு ஒழுங்குதான். அந்த வார அத்தியாயத்தை மட்டும் விடுவித்து என் முன்னால் வைத்தார். 'மேர்ஜ்' என்று தலைப்பு. ஒரே வகையான பல கோப்புகளிலிருந்து வருவதையெல்லாம் ஒன்றாகச் சேர்ப்பது எப்படி என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது.

அவர் அதைப் படித்தார். நானும் படித்தேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அன்வர் சேர் மெல்லப் புத்தகத்தை மூடினார்.

"இத நாங்க மடுவத்துல பார்த்துட்டோம் மகள்," என்றார். "அடுத்த அத்தியாயத்துக்குப் போவோம்."

யாரும் கேட்காமல் அவர் தன் கையாலேயே, வாரம் முடிவதற்குள், அடுத்த அத்தியாயத்தின் முடிச்சை அவிழ்த்தது அன்றைக்கு மட்டும்தான்.